கயத்தாற்றிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு நாள்

புனித நாடுகளுக்குத் திருப்பயணம் போய் வந்தவர்கள் பங்கில் நிழற்படம் காட்டும் மாலை நேரங்கள் நமக்குப் பழக்கமானவை. யோப்பா துறைமுகத்தின் கல் படிகள், மால்ட்டாத் தீவின் கோட்டைச் சுவர், இத்தாலியக் கரையில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் படகுகள். பேதுரு தங்கியிருந்த ஊர் இது, பவுலடியார் கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, மத்தியதரைக் கடல் நம் கரிசல் காட்டுக் கூரைக்கே வந்துவிட்டது போல் இருக்கும். சேமிப்பையெல்லாம் செலவழித்துப் போய் வந்த மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரியும். அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், படங்கள் முடிந்து விளக்கைப் போட்டதும், பின் வரிசையில் இருந்த எழுபது வயது ஆச்சி ஒருவர், "நான் இன்னும் தூத்துக்குடிக் கடலையே பாக்கலய்யா" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க என்று தூத்துக்குடிக்குப் போகாதவர் நம்மில் இல்லை. ஊரைப் பார்ப்பதற்கென்று போனவர் எத்தனை பேர்? கயத்தாற்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் ஊர் அது. ஈராயிரம் ஆண்டுகளாக மேற்குக் கடலோடு பேசிக்கொண்டிருக்கும் முத்துக்கரை அது. ஒரு சனிக்கிழமை வேன் ஒன்றைப் பேசி, அந்த ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பார்த்ததையும், பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போனால் நல்லது என்று தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

சனிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஞாயிறன்று இக்கரையின் கத்தோலிக்க மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அன்று ஆலயம் நிறைந்திருக்கும், கரை வெறுமையாக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சனிதான் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புளியம்பட்டியில் புனித அந்தோணியாரிடம் செபித்துவிட்டு மணியாச்சி வழியாகப் போனோம். இந்தப் பாதையை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. வழி நெடுகக் கறுப்பு மண். மழை பெய்தால் காலில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும் நம்முடைய மண். இந்த மண்ணின் பருத்திதான் தூத்துக்குடியைப் பெரிய ஏற்றுமதித் துறைமுகம் ஆக்கியது. ரயில் வருமுன் மாட்டு வண்டிகள் பஞ்சுப் பொதிகளைச் சுமந்துகொண்டு இரவெல்லாம் கடற்கரைக்கு நடந்தன. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றபோது, இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்திக்குக் கை நீட்டின. நம் காட்டுப் பருத்திக்குத் தங்க விலை வந்தது. 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. எங்கோ நடந்த சண்டைக்கும் நம் ஊர்க் கடனுக்கும் இருந்த தொடர்பு அன்றைய சம்சாரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முன்பணம் வாங்கியவன், செடியில் காய் வெடிக்கும் முன்பே விலை பேசப்பட்டவன் அவன். லிவர்ப்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரில் நம் பஞ்சு விலை கூறப்பட்டது. கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் என்ற பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது.

1876-இல் மதுரையிலிருந்து கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பஞ்சு அதில் ஏறியது. ஆட்களும் ஏறினார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் இந்த வழியாகத்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி உண்டாகும்வரை கொழும்புக்குப் போகும் முக்கிய வாசல் தூத்துக்குடிதான். "தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் சிலோனுக்குப் போனவரு, தகவலே இல்ல" என்ற பேச்சு நம் பகுதியில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! எங்கள் வேனில் மட்டுமே மூன்று பேர் சொன்னார்கள்.

தூத்துக்குடியில் பழைய ஆட்கள் இன்றும் 'டபிள்யூ.ஜி.சி. ரோடு' என்று சொல்லும் கடைவீதி ஒன்று உண்டு. நாம் எத்தனையோ முறை அதில் நடந்திருப்போம். விரித்துச் சொன்னால் 'வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு', அதாவது மேற்குப் பெரும் பருத்திச் சாலை. நம் வண்டிகள் போன சாலை! இதைச் சொன்னதும் வேனில் இருந்த பருத்திச் சம்சாரி ஒருவர், "இம்புட்டு நாளும் எவனோ வெள்ளக்காரன் பேருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

ஊருக்குள் நுழையுமுன் இன்னொரு செய்தி. தூத்துக்குடி இந்தக் கரையின் முதல் துறைமுகம் அன்று. அதற்கு முன் கொற்கை. கிரேக்க மாலுமி ஒருவர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பயண நூலில் அதன் பெயர் வருகிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததாகவும் அவர் குறிக்கிறார். அந்த முத்துக்கள் செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து ரோமாபுரிப் பெண்களின் காதுக்கும் கழுத்துக்கும் போயின. ஆண்டுதோறும் பெரும் பணம் இந்தியாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் போய்விடுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். பிறகு தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கொற்கையை மூடியது. கடல் விலகியது. அடுத்துக் காயல் துறைமுகம் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தது அதைத்தான். அதுவும் தூர்ந்தது. பவுலடியார் போதித்த எபேசு நகரின் கதையும் இதுவே. ஆற்று மண் அதன் துறைமுகத்தை மூடிவிட, இன்று சுற்றுலாப் பயணிகள் கடலே தெரியாத இடத்தில் துறைமுகத் தெருவைப் பார்த்து நிற்கிறார்கள். கொற்கைக்குப் போனால் நமக்கும் அதே காட்சிதான்: வயலும் வாழையும் குளமும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போய் வாருங்கள். எங்களுக்கு நேரமில்லை.

முதலில் பனிமய மாதா பேராலயம். நம்மவர்களில் பலர் இதுவே ஆயரின் தலைமை ஆலயம் என்று எண்ணுகிறார்கள். ஆயரின் ஆலயம் திரு இருதய ஆலயம். பனிமய மாதா ஆலயம் 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களால் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. இப்போது நாம் காணும் கோயில் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. மாதாவின் சுரூபம் 1555-இல் கப்பலில் மணிலாவிலிருந்து வந்தது என்பது இந்த ஊரின் மரபு. போர்த்துக்கீசிய மொழியில் பனிமாதாவுக்குரிய பெயரே மக்கள் வாயில் 'தஸ்நேவிஸ் மாதா' ஆயிற்று. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. அந்த நாட்களில் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். 1806-இல் முதலில் ஓடிய பொன் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2013-இலும் 2023-இலும் ஓடியது.

பனியே பார்த்திராத கடற்கரையில் பனிமாதா எப்படி வந்தாள் என்று வேனில் வந்த சிறுவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ரோமையில் மரியன்னைப் பேராலயம் இருக்கும் குன்றின்மேல் கோடைக்காலத்தில் பனி பெய்ததாக ஒரு மரபு உண்டு. அந்தப் பெயர் போர்த்துக்கல் போய், கப்பலேறி, நம் வெயிலுக்கு வந்து சேர்ந்தது. துறைமுக நகரம் என்றாலே இப்படித்தான். ஒரு பெயர் எங்கே பிறந்தது, எங்கே வாழ்கிறது என்பது வேறு வேறு. ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ, மோத்தா, வாஸ் என்ற பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். இவர்கள் போர்த்துக்கீசியர் அல்லர். இந்தக் கரையின் பரதவர்கள். 1535 தொடங்கிச் சில ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றவர்களின் வழியினர். நாமும் சளைத்தவர்கள் இல்லை. சாவி, சன்னல், மேசை, அலமாரி, பாதிரி, ஏலம் எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்தான். கயத்தாற்று வீட்டில் சாவியைத் தேடும்போதெல்லாம் நாம் லிஸ்பனின் சொல்லைத்தான் பேசுகிறோம்.

1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்ல வைத்து, மணியை அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1600-இல் இறந்த அவர் தூத்துக்குடி மாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். நம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் இத்தாலியிலிருந்து லிஸ்பன் வழியாகக் கடல் கடந்து 1710-இல் கோவாவில் இறங்கியவரே.

நாம் சொல்ல விரும்பாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சவேரியாரின் கடிதங்களில் 1544-ஆம் ஆண்டுத் துன்பம் ஒன்று வருகிறது. உள்நாட்டிலிருந்து குதிரைகளோடு வந்த வடுகப் படையினர் கரையோர ஊர்களைச் சூறையாடினார்கள். மக்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டு சேர்க்கச் சவேரியார் படகுகளோடு புறப்பட்டார். கடற்கரைக்குத் துன்பம் எப்போதும் கடல் வழியாக மட்டும் வரவில்லை. நம் பக்கமிருந்தும் வந்திருக்கிறது.

1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். சேசு சபையாரை விரட்டினார்கள். மக்களைத் தங்கள் சபைக்கு இழுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. அவர்கள் 1750-இல் கட்டிய சிறிய கோயில் இன்றும் இருக்கிறது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாகப் போயிற்று. இதற்கிடையில் 1799 அக்டோபர் 16-இல் நம் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள் அல்லவா? 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் சில காலம் கைப்பற்றினார்கள். நூறாண்டு கழித்து, 1906-இல், அதே அக்டோபர் 16-ஆம் நாள் வ.உ.சிதம்பரனாரின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனாலும் கயத்தாற்றுக்காரர்களுக்கு அது உறைக்கும். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பயணிகளுக்குக் குடை இனாம் என்றது. 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சி. அதே ஆண்டு மார்ச்சில் கைதானார். அந்த மில்லில் நூற்கப்பட்டது எங்கே விளைந்த பஞ்சு என்று சொல்லவும் வேண்டுமா?

கடற்கரைச் சாலைக்கு வந்தோம். ஆச்சி வேனை விட்டு இறங்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "யாத்தாடி, இம்புட்டுத் தண்ணியா! இதுல ஒரு வாய் குடிக்க முடியாதாக்கும்" என்றார். ஒரு குடம் தண்ணீருக்கு ஊர்க்குழாயில் காத்து நின்றவர் வேறு என்ன சொல்வார்? கடலைப் பற்றி நாங்கள் படித்த எதிலும் இப்படி ஒரு வரி இல்லை.

மத்தியதரைக் கடல் ஊர்களின் படங்களுக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள வேறுபாடு பழைய துறைமுகத்தருகே நின்றால் தெரியும். அங்கே பல ஊர்களில் பழைய துறைமுகம் காட்சிப் பொருளாகிவிட்டது. சரக்கு வேறிடம் போய்விட, பண்டகசாலைகள் உணவகங்களாயின. படகுகள் பயணிகளைச் சுற்றிக்காட்டுகின்றன. இங்கே பெரிய கப்பல்கள் 1974-இல் பெருந்துறைமுகமான புதிய துறைமுகத்துக்குப் போன பின்னும், பழைய துறைமுகம் உழைக்கிறது. மரத்தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. கரையோரம் ஆழம் குறைவு. அந்தக் காலத்துக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிட்டன. பஞ்சுப் பொதிகளைத் தோணிகள்தான் சுமந்துபோய் ஏற்றின. அந்தத் தோணிக்காரர்களின் பேரன்மார்தான் இன்றைய தண்டல்களும் மாலுமிகளும். தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் நிற்கும், பழுது பார்ப்பார்கள். நினைத்தபடி உள்ளே போய்விட முடியாது. வெளியிலிருந்து பாய்மரக் கம்பங்களைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவே போதும்.

முத்தைப் பார்க்கலாமா என்றால், கடைகளில் பார்க்கலாம், கடலில் இல்லை. இக்கரையில் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் நடந்தது. காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளை அள்ளி, கயிற்றை அசைத்து மேலே வந்த மனிதர்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரு பங்கும் அரசாங்கத்துக்கு. அதுவும் சிப்பியாகவே. உள்ளே முத்து இருக்கிறதா என்பது குளித்தவனின் அதிர்ஷ்டம். 'முத்துநகர்' என்று ரயிலுக்கும் கடற்கரைக்கும் பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்தது திரேஸ்புரம். நாட்டுப் படகுகள் கரையேறும் இடம். சனிக்கிழமை ஏலம் மும்முரமாக நடக்கும். வழுக்கும் தரை, கூச்சல், பனிக்கட்டிப் பெட்டிகள், ஊளி, விளமீன், பாறை என்று குவியல்கள். நம்மில் ஓர் இளைஞர் உற்சாகமாக ஒவ்வொரு முகத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். கூடையோடு இருந்த ஓர் அம்மா, "படம் எடுக்காதீங்கய்யா. மீன் வாங்குனா வாங்குங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. இளைஞர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஒரு கிலோ ஊளி வாங்கினார். நம் பருத்திக் காட்டில் வெயிலில் குனிந்து நிற்கும்போது யாரோ காரை நிறுத்திப் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று வேனில் பேச்சு வந்தது. இந்தக் கரை அண்மையில்தான் பெரிய துயரம் கண்டது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் இந்நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இறந்தது இந்தத் திரேஸ்புரத்தில்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரின் பல பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. இவற்றுக்குப் பலகை எதுவும் இல்லை. யாரிடமாவது பொறுமையாகப் பேசினால் அவர்களே சொல்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மக்ரூன் வாங்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். முட்டை வெள்ளைக் கரு, சீனி, முந்திரி மூன்றும் சேர்ந்த அந்தப் பண்டத்தில் முந்திரியே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எந்த விதத்திலும் அதற்குக் குறைந்ததல்ல என்பது எங்கள் ஒருமனதான தீர்ப்பு.

திரும்பும்போது தருவைகுளம் பக்கம் சுற்றி வந்தோம், உப்பளங்களைப் பார்ப்பதற்காக. கறுப்பு மண் முடிந்து வெள்ளை தொடங்கும் இடம் அது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்த பெண்கள், கண் பார்வை மங்கியவர்கள் இங்கே ஏராளம். மழைக்காலம் வந்தால் மூன்று மாதம் வேலை இல்லை. நாம் மழைக்கு நவநாள் செபிக்கும் அதே அக்டோபரில், இவர்கள் இன்னும் இரண்டு வாரம் மழை வேண்டாம் என்று வேண்டுகிறார்கள். இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்கள்!

நாங்கள் போனது மாலை. வாருபவர்கள் யாரும் இல்லை. அம்பாரங்கள் மட்டும் வரிசையாக, கீற்று மூடி நின்றன. காவலுக்கு இருந்த பெரியவர், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கயத்தாறு என்றதும், "எங்க அம்மா ஊரு அந்தப் பக்கம்தான், கடம்பூரு. மழை இல்லாம ஒரு வருசம் இங்க உப்பு வார வந்தவுக, திரும்பல" என்றார். ஆச்சியும் அவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவரும் இறங்கி வந்து நின்றுகொண்டார். கிளம்பும்போது பெரியவர் இரண்டு கை நிறைய உப்பு அள்ளிக் கொடுத்தார். ஆச்சி அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஒட்டப்பிடாரம் தாண்டும்போது இருட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது உப்பு எப்படி இருந்தது என்று ஆச்சியிடம் கேட்டோம். "பருப்புக் கொழம்புல போட்டேன். கல்லுப்பு, கரைய நேரமாச்சு" என்றார்.